'வீட்டிலிருந்தே' என்னும் சலுகை

இணையவழிப் பட்டப்படிப்புகளைப் பெண்களுக்குப் பரிந்துரைப்பவர்கள் தவறாமல் சொல்லும் வார்த்தை, 'வீட்டிலிருந்தே'. சோளிங்கரில் வசித்துக்கொண்டு கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு அந்த வார்த்தை உறுத்துகிறது. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் எங்கள் தோல் தொழில் பகுதியில் அதற்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் உண்டு.

ஆம்பூர் வட்டாரத்தில் பெண்கள் பலர் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. இடமும் விளக்கும் அவர்களுடையவை. வேலை கொண்டுவரும் இடைத்தரகரைத் தவிர வேறு யாரையும் அவர்கள் பார்ப்பதில்லை. அடுத்த தெருவில் அதே ஷூவைத் தைப்பவளுக்கு என்ன கூலி என்பதுகூடத் தெரியாது. கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போகும் பெண்களுக்கும் குறைகள் ஏராளம். ஆனால் அவற்றைப் பேசிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

இந்த அனுபவத்தோடு 'ஸ்வயம்' தளத்தைப் பார்ப்போம். 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இத்தளம், யாரும், எங்கிருந்தும், எந்த நேரத்திலும் படிக்கலாம் என்கிறது. பாடங்கள் இலவசம். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஐஐடி பேராசிரியரின் வகுப்பு சோளிங்கருக்கு வருவது சின்ன விஷயமல்ல. ஆனால் அதன் பெயரின் ஆங்கில விரிவாக்கத்திலேயே 'யங் ஆஸ்பையரிங் மைண்ட்ஸ்' என்று இருக்கிறது. வாழ்நாள் கல்வி என்று பேசும்போதும் மனதில் இருப்பது இளம் வயதுக்காரர்தான். பிள்ளை பெற்று, வேலைக்குப் போய், நாற்பது வயதில் திரும்பப் படிக்க நினைப்பவள் அந்தப் பெயருக்குள் இல்லை.

'எந்த நேரத்திலும்' என்பது தன் நேரம் தன் கையில் இருப்பவரிடம் பேசும் மொழி. சமைத்து, தண்ணீர் பிடித்து, ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு எல்லா நேரமும் வேறு யாருக்கோ சொந்தம். போனும் அப்படித்தான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். அதே 2021இல்தான், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது.

தொலைநிலைக் கல்வி நமக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. நானும் கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில்தான் எம்.ஏ. படித்தேன். தபாலில் வந்த பாடப் புத்தகங்கள் சுமார்தான். ஆனால் தொடர்பு வகுப்புகள் இருந்தன. "க்ளாஸ் இருக்கு, போகணும்" என்று மாமியாரிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. பஸ்ஸில் போனோம், டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டோம், அடுத்து பி.எட். சேர்வது எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டோம். என் படிப்பில் பாதி அங்கே நடந்தது.

இணையவழிக் கல்வி அந்தக் காரணத்தைப் பறிக்கிறது. "அதான் போன்லயே படிக்கலாமே, எதுக்கு வெளிய போகணும்?" என்ற கேள்விக்கு இன்றைய மாணவியிடம் பதில் இல்லை. ஸ்வயத்தில் விவாத மேடை இருப்பது உண்மை. அங்கே பாடத்தில் சந்தேகம் கேட்கலாம். வீட்டில் படிக்க விடவில்லை என்பதை எழுத முடியுமா?

தொழில்நுட்பம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வீட்டில் தைக்கும் பெண் இடத்தையும் விளக்கையும் தானே கொடுப்பதைப் போல, வீட்டில் படிக்கும் பெண் டேட்டா, இடம், தூக்கம் எல்லாவற்றையும் தானே கொடுக்கிறாள். அதற்குச் சலுகை என்று பெயர். பல்கலைக்கழகங்கள் வாழ்நாள் கல்வியை உண்மையாகவே விரும்பினால், சோளிங்கர் போன்ற ஊர்களில் மாலையிலும் ஞாயிறிலும் திறந்திருக்கும் படிப்பு மையங்களை நடத்தட்டும். அங்கே கணினி இருக்கட்டும், ஓர் ஆசிரியர் இருக்கட்டும், குழந்தையை விடவும் ஓர் அறை இருக்கட்டும். ஸ்வயம் வீடியோவை அங்கே பத்துப் பெண்கள் சேர்ந்து பார்க்கட்டும். வீட்டிலிருந்தே படிப்பது ஒரு வசதியாக இருக்கலாம். அது ஒன்றே வழியாகிவிட்டால், படித்த பெண்களையும் வீட்டோடு வைத்துக்கொள்ளும் ஏற்பாடாகிவிடும்.