விண்மீன் பேரரசுகள்: ஓரியன் மரபின் பாணிகளும் அளவுகோல்களும்

கணினி விளையாட்டுகளுக்கு ஆயுள் குறைவு. ஐந்தாண்டு போனால் படங்கள் பழசாகிவிடும். பத்தாண்டு போனால் புதிய கணினியில் ஓடவே மறுக்கும். அப்படிப்பட்ட உலகில், 1993இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ 2016இல் அதே பெயரோடு புத்துருவம் பெற்று விற்பனைக்கு வந்தது. பழைய ரசிகர்களின் ஏக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. விண்வெளிப் பேரரசு விளையாட்டு இன்று ஒரு மரபாகவே வளர்ந்து நிற்கிறது. அதற்கு முன்னோடிகள் உண்டு. கிளைத்த பாணிகள் உண்டு. தரம் பிரிக்க ரசிகர்கள் கைவசம் வைத்திருக்கும் அளவுகோல்களும் உண்டு. அவற்றை அறிந்தால்தான் இந்த மறுவருகை எதைக் காப்பாற்றியது, எதைக் கைவிட்டது என்று பேச முடியும்.

முன்னோடிகள்

இந்த மரபின் வேர் பலகை விளையாட்டில் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டெல்லர் கான்க்வெஸ்ட்’ விண்மீன்களை அறுகோணக் கட்டங்களில் பரப்பி, குடியேற்றம், ஆராய்ச்சி, கப்பற்படை மூன்றையும் ஒரே மேசையில் வைத்தது. 1983இல் ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ் குரூப் ‘ரீச் ஃபார் த ஸ்டார்ஸ்’ மூலம் இதே வகை ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1991இல் சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’ வந்து, ஒரு நாகரிகத்தை முறை முறையாக வளர்ப்பதில் உள்ள போதையை உலகுக்குக் காட்டியது. “இன்னும் ஒரே ஒரு டர்ன்” என்று விடிய விடிய உட்காரும் கூட்டம் அதிலிருந்து பெருகியது.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் சிம்டெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ஸ்டீவ் பார்சியா, ‘ஸ்டார் லார்ட்ஸ்’ என்ற முன்மாதிரியை உருவாக்கினார். அது திருத்தப்பட்டு, மைக்ரோப்ரோஸ் வெளியீடாக ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ ஆயிற்று. அதற்கு ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ இதழில் முன்னோட்டம் எழுதிய ஆலன் எம்ரிச், ஆராய்தல், பரவுதல், பயன்கொள்ளுதல், அழித்தொழித்தல் என்ற, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ ஒலியோடு தொடங்கும் நான்கு வினைகளைக் கொண்டு இவ்வகைக்கே ‘ஃபோர் எக்ஸ்’ என்று பெயரிட்டார். இன்றுவரை கடைப் பட்டியலிலும் ரசிகர் பேச்சிலும் நிற்பது அந்தப் பெயர்தான்.

முதல் ஆட்டத்தின் கஞ்சத்தனம்

ஒரு தாய்க்கோள், இரண்டு உளவுக் கப்பல், ஒரு குடியேற்றக் கப்பல். முதல் ஆட்டம் இவ்வளவோடு தொடங்குகிறது. சுற்றியுள்ள விண்மீன்கள் வெறும் புள்ளிகள். போய்ப் பார்த்தால்தான் அங்கே வளமான நிலமா, நச்சுக்காற்றா என்று தெரியும். எரிபொருள் எட்டும் தொலைவுக்கு மேல் கப்பல் போகாது.

ஒவ்வொரு கோளையும் ஐந்து தள்ளுகோல்களால் (ஸ்லைடர்கள்) ஆளலாம்: கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆராய்ச்சி. ஒன்றைக் கூட்டினால் மற்றவை குறையும். கட்டடப் பட்டியல், மனை வரைபடம் எதுவும் கிடையாது. கப்பல் வடிவமைப்பில் ஒரே நேரத்தில் ஆறு வகைகள்தான் வைத்திருக்கலாம். ஏழாவது வேண்டுமென்றால் ஒன்றை நீக்க வேண்டும்; நீக்கினால் அந்த வகைக் கப்பல்கள் அத்தனையும் உடைக்கப்பட்டுவிடும். நேற்றுவரை எல்லையைக் காத்த படையை, புதிய ஆயுதத்துக்காகக் கையாலேயே கலைக்க வேண்டிய கட்டாயம் ஆட்டத்தில் பலமுறை வரும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது ஆராய்ச்சி மரம். ஆறு துறைகளிலும் உள்ள தொழில்நுட்பங்களில் ஒரு பகுதி ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்களுக்கு இல்லாமலே போகும். எது இல்லை என்பது முன்கூட்டித் தெரியாது. இல்லாததைப் பண்டமாற்றில் வாங்க வேண்டும், ஒற்றர் வைத்துத் திருட வேண்டும், அல்லது வைத்திருப்பவரின் கோளைப் பிடிக்க வேண்டும். போரும் ராஜதந்திரமும் இந்த ஆட்டத்தில் அலங்காரமாக நிற்காமல் தேவையாக மாறுவது இதனால்தான்.

பத்து இனங்களும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சிலிகாய்டுகள் எந்தக் கொடிய கோளிலும் குடியேறும். ஆனால் மெதுவாகத்தான் பெருகும். சக்ராக்கள் வேகமாகப் பெருகும். சைலான்களுக்கு ஆராய்ச்சி கைவந்த கலை. டார்லாக்குகள் பிறவி ஒற்றர்கள். ஆடுபுலி ஆட்டத்தில் புலியாக அமர்ந்தவரும் ஆடாக அமர்ந்தவரும் வேறு வேறு கணக்குப் போடுவதைப்போல, இங்கே இனத்தை மாற்றினால் ஆட்டமே மாறிவிடும்.

இரண்டாவதும் மூன்றாவதும்

1996இல் வந்த ‘பேட்டில் அட் அன்டாரெஸ்’ பலருக்கு இந்த மரபின் உச்சம். கோள்களில் கட்டடங்கள் வந்தன. மக்களை உழவர், தொழிலாளர், அறிவியலாளர் எனப் பிரித்து அமர்த்த வேண்டியிருந்தது. சொந்தமாக இனத்தைப் படைக்கலாம் என்பதே பெரிய புதுமை. கையில் பத்துப் புள்ளி. குறைகளை ஏற்றுக்கொண்டால் மேலும் பத்து வரை கிடைக்கும். எந்தக் குறையோடு வாழச் சம்மதம் என்ற கேள்வி ஆட்டம் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. ஆராய்ச்சியிலும் பெரும்பாலான இனங்கள் ஒரு கட்டத்தில் உள்ள இரண்டு மூன்று கண்டுபிடிப்புகளில் ஒன்றை மட்டுமே எடுக்க முடியும். முதல் ஆட்டத்தின் கஞ்சத்தனம் வேறு உருவில் தொடர்ந்தது.

2003இல் குவிக்சில்வர் நிறுவனம் செய்த மூன்றாவது ஆட்டம் சறுக்கியது. பெயர்சூட்டிய எம்ரிச்சும் அதன் வடிவமைப்பில் பங்குகொண்டவர். பேரரசரின் கவனத்துக்கே ஒரு வரம்பு வைத்து, ஒரு முறைக்கு இவ்வளவு ஆணைதான் இடலாம் என்பது தொடக்கத் திட்டம். வெளியீட்டுக்கு முன் அந்த வரம்பு நீக்கப்பட்டது. கோள்களைத் தாமே நடத்தும் ஆளுநர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டு, ஆளுநர் செய்வதை வேடிக்கை பார்ப்பதே ஆட்டமாயிற்று. பெயர் பெரிதாக இருந்தும் மரபு அங்கே அறுந்தது.

கிளைத்த பாணிகள்

அதற்கு முன்னும் பின்னுமாக வேறு ஊர்களில் வேறு பாணிகள் வேரூன்றின.

முதலாவது, எதிராளியின் அறிவை மையமாக வைத்த பாணி. ஸ்டார்டாக் நிறுவனத்தின் ‘கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ்’ 1990களில் ஓஎஸ்/2 இயங்குதளத்தில் தொடங்கி, 2003 முதல் விண்டோஸில் வளர்ந்தது. கணினி எதிராளி சலுகை வாங்காமலே சிந்தித்து ஆட வேண்டும் என்பதில் இதை வடிவமைத்த பிராட் வார்டெல் பிடிவாதம் காட்டினார்.

இரண்டாவது, கணக்கர் பாணி. 1990களின் நடுவில் வந்த ‘ஸ்டார்ஸ்!’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தம் முறையை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். தாதுவளம், கப்பல் எடை, வேகம் எல்லாம் எண்களாகவே நிற்கும். 2010இல் வந்த ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்’ இதே பாணியின் பெரும் வளர்ச்சி. எந்தப் பொறுப்பையும் கணினியிடம் ஒப்படைக்கலாம். எதை ஒப்படைப்பது என்பதை ஆடுபவரே தீர்மானிக்கிறார். மூன்றாம் ஓரியன் தோற்ற இடத்தில் இது வென்றதற்கு அந்த உரிமை ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, வேகப் பாணி. 2008இல் கனடாவின் அயர்ன்கிளாட் செய்த ‘சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்’ முறைகளையே நீக்கி, பேரரசு முழுவதையும் ஓடும் நேரத்தில் நடத்தச் சொன்னது.

நான்காவது, கதைப் பாணி. பாரிஸ் நகரத்து ஆம்ப்ளிட்யூட் 2012இல் ‘எண்ட்லெஸ் ஸ்பேஸ்’ மூலமும், ஸ்டாக்ஹோமின் பாரடாக்ஸ் 2016 மே மாதம் ‘ஸ்டெல்லாரிஸ்’ மூலமும் இதை வளர்த்தன. இங்கே வெற்றியைவிட வரலாறு முக்கியம்: எங்கிருந்தோ வரும் தொன்மையான கப்பல், உள்நாட்டில் எழும் கட்சிகள், ஆட்டத்தின் பிற்பகுதியில் வெடிக்கும் பெருநெருக்கடி.

ரசிகர்கள் வைக்கும் அளவுகோல்கள்

பாணி எதுவானாலும் நான்கு கேள்விகளில் தரம் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி, தொடக்கம் பற்றியது. முதல் ஐம்பது முறைகளில் ஒவ்வொரு புதிய விண்மீனும் திட்டத்தை மாற்றுகிறதா? இரண்டாவது, தேர்வின் விலை: ஒன்றை எடுக்கும்போது மற்றொன்று உண்மையாகவே கைநழுவுகிறதா, அல்லது சற்றுப் பொறுத்தால் எல்லாமே கிடைத்துவிடுமா? மூன்றாவது, இனங்களுக்குள்ள வேறுபாடு ஆட்டத்தின் போக்கில் இருக்கிறதா, முகத்திலும் ஐந்து விழுக்காட்டுச் சலுகையிலும் நின்றுவிடுகிறதா?

நான்காவது, முடிவு. இந்த மரபின் தீராத நோய் இதுதான். பாதி ஆட்டத்திலேயே யார் வெல்வார் என்று தெரிந்துவிடும். மிச்சமுள்ள கோள்களைத் துடைத்தெடுக்க மணிக்கணக்காகும். முதல் ஓரியன் இதற்கு 1993லேயே ஒரு மருந்து வைத்திருந்தது. பேரண்ட சபை அவ்வப்போது கூடும், மக்கள்தொகைக்கேற்ப வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு பெற்றவர் தலைவர். முந்திக்கொண்டிருப்பவர் சீக்கிரம் வெல்லலாம். பின்தங்கியவர்கள் சேர்ந்து தடுக்கலாம். பின்வந்த பல ஆட்டங்கள் இந்த எளிமையை எட்டவில்லை.

மறுவருகை

ஓரியன் பெயரின் உரிமை அப்போது அடாரி நிறுவனத்திடம் இருந்தது. அது திவாலானபோது, 2013 ஏலத்தில் அந்தப் பெயரை வார்கேமிங் வாங்கியது. உருவாக்கும் பணி அர்ஜென்டினாவின் என்ஜிடி ஸ்டுடியோஸிடம் போயிற்று. 2016 பிப்ரவரியில் முன்னோட்டப் பதிப்பும் ஆகஸ்டில் முழு ஆட்டமும் வந்தன.

மூலத்தின் பத்து இனங்களும் திரும்பின. முதல் ஆட்டத்துக்கு இசையமைத்த டேவிட் கோவெட் திரும்பினார். மார்க் ஹாமில், மைக்கேல் டோர்ன், ஜான் டி லான்சி, ராபர்ட் இங்லண்ட் என அறிவியல் புனைவு ரசிகர்களுக்குப் பழகிய குரல்கள் அரசர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் உயிர் கொடுத்தன. வாடிக்கையாகச் செய்தி வாசிக்கும் ஜிஎன்என் நிலையமும் இருந்தது. தூதரக அறைக்குள் கரடி உருவப் புல்ராத்தி ஒன்று வந்து நிற்கும்போது, அது எப்படிப்பட்ட இனம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. திரைகள் தெளிவானவை, புதிதாக வருபவர் ஒரு மாலையிலேயே கையாளப் பழகிவிடலாம். மறுவருகையின் உண்மையான கவர்ச்சி இந்த அணுக்கம்.

விதிகளில்தான் வழக்கு. முதல் இரண்டு ஆட்டங்களில் கப்பல்கள் எந்தத் திசையிலும் போகலாம். இங்கே விண்மீன்களை இணைக்கும் பாதைகளில் மட்டும். காவல் போட்டால் எல்லை காக்கலாம் என்பது லாபம். எதிரி எங்கிருந்து வருவான் என்ற அச்சம் போனது நட்டம். (‘ஸ்டெல்லாரிஸ்’ மூன்று பயண முறைகளோடு தொடங்கி, 2018இல் பாதை முறையை மட்டும் தொடக்க வழியாக வைத்துக்கொண்டது; இந்த விவாதம் ஓரியனோடு நிற்கவில்லை.) கட்டம் கட்டமாக நகர்த்திய கப்பற்போர், நிறுத்தி நிறுத்தி ஓட்டும் நேரடிப் போராயிற்று. பார்க்க அழகு, ஆனால் ஒரு பீரங்கியைக் கூடுதலாக ஏற்றியதா கவசத்தைத் தடிப்பாக்கியதா வெற்றி தந்தது என்று கண்ணால் பிடிப்பது கடினம். ஆராய்ச்சியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் சில உண்டு. மற்றபடி மரத்தின் பெரும்பகுதி எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. இரண்டாவது அளவுகோலில் மறுவருகை தடுமாறுவது இங்கேதான்.

இதற்கு நேர் எதிர்வழியும் உண்டு. முதல் ஆட்டத்தின் விதிகளை அப்படியே வைத்து, படத்தையும் திரையையும் மட்டும் புதிதாக்கி, இலவசமாக வெளியிடப்பட்ட ‘ரெம்னன்ட்ஸ் ஆஃப் த ப்ரிகர்சர்ஸ்’ அப்படிப்பட்டது. உரிமைச் சிக்கலால் அதில் பழைய இனங்களின் பெயர்களும் முகங்களும் இல்லை. ஆனால் ஐந்து தள்ளுகோலும் விடுபட்ட தொழில்நுட்பங்களும் இருக்கின்றன. வார்கேமிங்கிடம் பெயர் இருந்தது; இந்த ஆர்வலர் முயற்சியிடம் இலக்கணம் இருந்தது.

புதிதாக இந்த மரபுக்குள் வருபவருக்கு 2016இன் ஆட்டம் நல்ல வாசல். வாசல் என்ற அளவில் குறை சொல்ல ஏதுமில்லை. வாசலோடு நின்றுவிடாமல் அடுத்து 1996இன் ஆட்டத்தையோ இலவச மறுவார்ப்பையோ எடுத்து ஆடிப் பார்ப்பது நல்லது. முப்பதாண்டாக இந்தப் பெயரை நிறுத்தியிருப்பது கேட்டதையெல்லாம் கொடுக்க மறுத்த விதிகள். நாளை மறுபடி யாராவது ஓரியனைத் தொட்டால், குரல் நடிகர்களின் பட்டியலைப் பார்க்கும் முன், ஏழாவது கப்பலுக்கு இடம் கொடுத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். கொடுத்திருந்தால் அது வேறு ஆட்டம்.