இயற்கை வெளிச்சத்தில் ஒரு படம்

ஜப்பான் இயக்குநர் ஹிரோகாசு கொரே-எதாவின் முதல் கதைப்படம் ‘மாபொரோஷி’ (1995). டெரு மியாமோட்டோவின் கதையைத் தழுவியது. ஒசாகாவில் கைக்குழந்தையோடு வாழும் யுமிகோவின் கணவன், காரணம் எதுவும் சொல்லாமல் தண்டவாளத்தில் நடந்து ரயிலில் அடிபட்டுச் சாகிறான். சில ஆண்டுகள் கழித்து, நோட்டோ தீபகற்பத்து மீனவ ஊர் ஒன்றில் மறுமணம் செய்துகொள்கிறாள். அந்த ‘ஏன்’ மட்டும் கூடவே வருகிறது.

ஒளிப்பதிவாளர் மசாவோ நாகபோரி பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தையே நம்பினார். சன்னல் வழியே வரும் ஒளி எட்டாத இடம் இருட்டாகவே இருக்கும். அண்மைக் காட்சிகள் அரிது. யுமிகோவின் அழுகையை முகத்தில் தேட முடியாது. அவள் நிற்கும் தூரத்தில்தான் துயரம் தெரியும். கடலோரம் நகரும் இறுதி ஊர்வலத்தை வெட்டாமல் நெடுநேரம் தொலைவிலிருந்தே பார்க்கிறோம்.

ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து வைத்து எடுத்த படம் இது. நடிப்பைப் பார்ப்பதற்கு முன்பே கேமராவின் இடத்தை எப்படி முடிவுசெய்தாய் என்று தைவான் இயக்குநர் ஹோ ஷியாவ்-ஷியென் கேட்டது, கொரே-எதாவின் பிற்காலப் பாணியையே மாற்றியது. இருந்தாலும், இத்தனை கட்டுக்கோப்பான துயரத்தை அவர் மறுபடி எடுக்கவில்லை. பகலில் பார்க்காதீர்கள், அறையை இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள்.