பாக்ஸ்டியும் ஒரு கைப்பிடி மாவும்

அயர்லாந்தில் 'பாக்ஸ்டி' என்று ஒரு பண்டம் இருக்கிறது. உருளைக்கிழங்கு அடை என்று சொன்னால் சட்டென்று புரிந்துவிடும். ஆனால் பாதிதான் புரியும்.

கிழங்கில் ஒரு பாதியை வேகவைத்து மசிக்க வேண்டும். மறு பாதியைப் பச்சையாகவே துருவி, துணியில் கட்டி, கை வலிக்கப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அந்த மாவையும் கிழங்கோடு சேர்த்து, கோதுமை மாவு, உப்பு, மோர், ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுக் கலந்து கல்லில் சுட்டால் பாக்ஸ்டி. இதையே ரொட்டியாகவும் சுடுவதுண்டு. உருட்டி வேகவைத்து, ஆறின பிறகு துண்டு போட்டு வெண்ணெயில் வறுப்பதும் உண்டு. வடக்கே லீட்ரிம், கேவன், ஃபெர்மானா பக்கத்துச் சமாசாரம்.

பச்சைக் கிழங்கு கடிபடுவதற்கு. வெந்த கிழங்கு மிருதுவுக்கு. ஓரம் மொறுமொறு, நடுவில் கொஞ்சம் பிசுபிசு. வெறும் மசித்த கிழங்கைத் தட்டிச் சுட்டுவிட்டுப் பாக்ஸ்டி என்று சொல்லும் சமையல் புத்தகங்களை நம்பாதீர்கள். அது வேறு பண்டம்.

ருசி விமரிசனம் அவ்வளவுதான். எனக்குச் சண்டை, பாக்ஸ்டியைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளோடு.

முதல் கதை, ஒரு நாட்டுப்பாட்டு. பாக்ஸ்டி சுடத் தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்கிற ரீதியில் போகும். பாக்ஸ்டி பற்றி யார் எழுதினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. துருவியது யார், எதை வைத்து என்றெல்லாம் பாட்டுக்குக் கவலை இல்லை. 1937-39-இல் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னது. சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பாக்ஸ்டி அதில் பல இடங்களில் வருகிறது. தகர டப்பாவைப் பிரித்து, ஆணியால் ஓட்டை போட்டு வீட்டிலேயே செய்துகொண்ட துருவியும் வருகிறது. கிழங்கோடு விரல் முட்டியும் சேர்ந்து துருவப்பட்டிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அந்தப் பாட்டைவிட இந்த நோட்டுப் புத்தகங்கள் உயர்ந்த இலக்கியம்.

இரண்டாவது கதைதான் முக்கியம். 'ஏழை வீட்டு ரொட்டி' என்று பொருள்படும் ஐரிஷ் சொற்களிலிருந்து பாக்ஸ்டி வந்தது என்கிறது ஒரு கட்சி. ரொட்டி சுடும் அடுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்கிறது இன்னொரு கட்சி. மெனு கார்டு எழுதுகிறவர்கள் யோசிக்காமல் முதல் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். 'ஏழைகளின் உணவு' என்று போட்டால் ஒரு மணம் வருகிறதல்லவா? கூடவே பஞ்சத்தையும் ஒரு வரி தொட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பஞ்சத்தில் நடந்தது என்ன? 1841-இல் அயர்லாந்தின் ஜனத்தொகை 80 லட்சத்துக்கு மேல். அதில் சுமார் 30 லட்சம் பேருக்கு உருளைக்கிழங்கை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது. உழைக்கிற ஆள் ஒருவர் நாளைக்கு ஐந்து கிலோ வரை சாப்பிட்டார். 1845-இல் கிழங்கை அழுகவைக்கும் நோய் வந்தது. பிரதமர் பீல், நிபுணர்களை அனுப்பினார். அவர்கள் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். ஒரு துருவி, ஒரு துணி, சல்லடை, தண்ணீர்த் தொட்டி, ரொட்டிக்கல் எல்லாம் தயார் செய்துகொள்ளுங்கள்; கெட்டுப்போன கிழங்கைத் துருவி, பிழிந்து, அடியில் படியும் மாவை எடுத்து, வேறு தானிய மாவோடு கலந்து ரொட்டி சுடுங்கள்.

சாமான் பட்டியலைப் பாருங்கள். கிட்டத்தட்ட பாக்ஸ்டி! செசில் உட்ஹாம்-ஸ்மித் 1962-இல் எழுதிய 'தி கிரேட் ஹங்கர்' புத்தகத்தில் இந்தக் குறிப்பின் கதை இருக்கிறது. அவசியம் படியுங்கள்.

குறிப்பில் ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அந்தத் தானிய மாவு எங்கே? அயர்லாந்தில் விளைந்த ஓட்ஸ், குத்தகைப் பணமாக மாறி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம், 1846-இல், கிழங்கு அநேகமாக முழுசாகவே அழுகிப்போனது. துருவுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. 1852-க்குள் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதற்குக் குறையாமல் கப்பல் ஏறிப் போனார்கள்.

ஆகவே 'ஏழைகளின் உணவு' என்பது பாதி உண்மை. பாக்ஸ்டிக்கு ஒரு கைப்பிடி மாவு வேண்டும். கல்லில் தடவக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். நிதானமாகத் துருவ நேரம் வேண்டும். இதெல்லாம் உள்ளவன் சின்ன விவசாயி. அவனுக்கும் கீழே, வெறும் கிழங்கை வேகவைத்து உப்பும் மோருமாகத் தின்றவனுக்குச் சமையல் குறிப்பே கிடையாது. அவனைப் பற்றி மெனு கார்டில் எழுத எதுவும் இல்லை. பாக்ஸ்டியின் சொந்த ஜில்லாவான லீட்ரிமில் 1841-இல் 1,55,000 பேர் இருந்தார்கள். 2022 கணக்குப்படி சுமார் 35,000. பாக்ஸ்டி பிழைத்தவர்களின் உணவு. அப்படிச் சொன்னால் சரியாக இருக்கும்.

டப்ளினில் டெம்பிள் பார் பகுதியில் 1988-இல் 'கலஹர்ஸ் பாக்ஸ்டி ஹவுஸ்' தொடங்கினார்கள். பாக்ஸ்டியை மெல்லிசாகச் சுட்டு, உள்ளே மாட்டிறைச்சியும் விஸ்கி விட்ட கிரீம் சாஸும் வைத்துச் சுருட்டித் தருகிற இடம். இதைப் பார்த்து 'ஐயோ பாரம்பரியம் போச்சே' என்று பதறுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கிராமத்து அடுப்படியில் கிடந்த பண்டத்தை நகரத்து மேஜையில் வைத்து, காசு கொடுத்துச் சாப்பிடவைத்தது சாதனைதான். பண்டங்கள் மாறட்டும், மாறாவிட்டால் செத்துப்போகும். சாஸ் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளட்டும். ஆனால் எந்த ஓட்டலாக இருந்தாலும் சரி, வறுமையை மட்டும் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்துப் பரிமாற வேண்டாம். சொல்வதென்றால் முழுசாகச் சொல்லலாம். இல்லையென்றால் 'கிழங்கு அடை, சூடாக இருக்கிறது' என்று போட்டாலே போதும்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு: துருவிய கிழங்கு சில நிமிஷத்தில் பழுப்பாகிவிடும், சீக்கிரம் கலந்துவிடுங்கள். பிழிந்த தண்ணீரை மறக்காமல் வையுங்கள். அடியில் ரெண்டு ஸ்பூன் மாவு தேறும். ரெண்டு ஸ்பூனுக்கா இத்தனை பாடு என்று தோன்றினால், அந்தச் சமையல் குறிப்பு எந்த மாதிரி வீட்டில் உருவானது என்பது உங்களுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.