ஊரும் தீவும்: குழந்தைக் கல்வி குறித்து இரு நூல்கள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் (மறைவு: ஹிஜ்ரி 505 / கி.பி. 1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் குழந்தை வளர்ப்புப் பற்றிய ஒரு பகுதி உண்டு. திருக்குர்ஆன், நபிமொழி, நல்லோர் வரலாறு ஆகியவற்றைக் கற்பிக்கச் சொல்லும் இமாமவர்கள், விளையாட்டைத் தடுத்தால் பிள்ளையின் உள்ளம் மடியும் என்றும் எச்சரிக்கிறார்கள். இயற்கை அறிவியல் அப்பகுதியில் இடம்பெறவில்லை.

இதைக் கொண்டு இமாமவர்கள் அறிவியலை விலக்கினார்கள் என்பது பிழை. இஹ்யாவின் முதற்பகுதியான ‘கிதாபுல் இல்ம்’, மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா என்கிறது. முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்களிலும் அனைவரும் ஃபிக்ஹுக்கே விரைவதைக் கடிகிறது. கிரகணக் கணக்கை மறுத்து மார்க்கத்தைக் காக்க முனைபவன் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறான் என்று ‘அல்முன்கித்’ கூறுகிறது. எனினும் இவ்வறிவைக் குழந்தையின் பாடத்தோடு இமாமவர்கள் இணைத்துக் காட்டவில்லை. அதுவே நாம் காணும் குறை.

இப்னு துஃபைலின் (மறைவு: 1185) ‘ஹய் இப்னு யக்ளான்’ மறுமுனையில் நிற்கிறது. தனித் தீவில் மானால் வளர்க்கப்பட்ட சிறுவன், அம்மான் இறந்ததும் அதன் உடலை அறுத்து மரணத்தின் காரணம் தேடுகிறான்; ஆராய்ச்சி அவனைப் படைத்தவனிடம் சேர்க்கிறது. ஆனால் மக்கள் வாழும் தீவில் கற்பிக்க முயன்று தோற்றுத் திரும்புகிறான். இமாமவர்களின் பாடத்தில் ஊர் உண்டு, ஆய்வு இல்லை; இங்கே ஆய்வு உண்டு, ஊர் இல்லை.

இப்பிளவின் விலையை நாம் கள்ளக்குறிச்சியில் கண்டோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பின்னர் நம்மிடம் ஓதும் ஒரு சிறுவன், “சாராயம் கண்ணை ஏன் பறிக்கிறது, ஹஸ்ரத்?” என்று கேட்டான். ஹராம் என்பதற்கு மேல் நம்மிடம் விடையில்லை. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது என்பதைப் பிறகே படித்தறிந்தோம். ஆனால் அதை அறிந்தும் விற்பவனை வேதியியல் மட்டும் தடுத்துவிடாது. அங்கே இறையச்சம் வேண்டும்.

அவ்வாண்டே கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அம்மலையின் பிள்ளைகளும் பெற்றோரை இழந்த கருணாபுரத்துப் பிள்ளைகளும் நம் மக்தப் பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். குடித்தவர் பாவம் என்று சொல்லி நகர்வது அதற்கு விடையாகாது. ஏன் என்பதையும் கூடாது என்பதையும் ஒரே ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் ஆசிரியராகிய நாம் மாணவராக வேண்டும்.