பாலாற்றங்கரையின் உடலரங்கு

தமிழ் நாடகம் வசனத்தை நம்பியே வாழ்ந்தது, உடலைக் கொண்டு நடிக்க அதற்குக் கற்றுக்கொடுத்தவை மேலைநாட்டுப் பயிலரங்குகளும் கேரளக் களரிப்பயிற்சியும்தான் என்றொரு பேச்சு நம் அரங்க வட்டாரங்களில் செல்வாக்கோடு உலவுகிறது. சபா நாடகங்களை மட்டுமே தமிழ் நாடகம் என்று கொண்டால் இதை ஒப்புக்கொள்ளலாம். பாலாற்றின் இரு கரைகளிலும், செங்கல்பட்டு தொடங்கி காஞ்சிபுரம், வந்தவாசி, செய்யாறு வரை விடியவிடிய ஆடப்படும் கூத்தைக் கணக்கில் எடுத்தால் அந்தப் பேச்சு ஒரு நொடிகூட நிற்காது.

முன்கதை நாமறிந்ததே. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, நாடகத்தைப் படித்தவர் வீட்டுக்கு அழைத்து வந்தது. கூத்தின் வேகம் வாசலிலேயே நின்றுவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு பாட்டைக் காத்தது. பிறகு வந்தவர்கள் வசனத்தை வளர்த்தார்கள். 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய பயிற்சியும், அதே ஆண்டு ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும்தான் திசையைத் திருப்பின. புரிசைத் தம்பிரான்களின் கூத்தைக் கண்டு அதுவே தமிழரின் அரங்கு என்று வாதாடிய முத்துசாமியின் துணிச்சலுக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

இதே காலத்தில் கடற்கரையோரம் வேறொரு தேடலும் நடந்தது. சென்னை பெசன்ட் நகரில் சந்திரலேகா பரதத்தையும் களரிப்பயட்டையும் யோகத்தையும் இணைத்து 1985இல் 'அங்கிகா'வை உருவாக்கினார். புதுச்சேரிக்கு அருகே ஆதிசக்தியை நிலைநிறுத்திய வீணாபாணி சாவ்லா, கூடியாட்டத்தின் மூச்சுப் பயிற்சியை நடிப்பின் அடித்தளமாகக் கண்டார். இருவரும் மகத்தானவர்கள். ஆனால் அவர்கள் வழியைப் பின்பற்றியவர்கள் பலரும் தெற்கேயும் மேற்கேயும் பார்த்த அளவுக்கு, மாமல்லபுரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் இருந்ததைப் பார்க்கவில்லை.

அங்கே இருந்தவர் பெ. இராசகோபால். பொன்னுசாமியின் மகன், சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வேஷம் கட்டியவர், நடிகர், பாடகர், நாடக ஆசிரியர், இயக்குநர். 1990இல் கூத்துக் கலைஞர்களைத் திரட்டிக் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாக முன்னின்றார். 2002இல், ஆய்வாளரும் துணைவியுமான ஹன்னா டி புருயினோடு சேர்ந்து, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலத்தைத் திறந்தார். கூத்தும், தமக்குக் கிடைக்காத பள்ளிப் படிப்பும் ஒரே கூரையின்கீழ் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆண்களின் கோட்டையாக இருந்த கூத்துக் களத்தில் பெண்பிள்ளைகளையும் இறக்கினார். ஆடப்போகும் பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள் என்று கேட்கும் ஊர்களில் இது சிறிய காரியமல்ல. அங்கே பயின்ற தமிழரசி, பெண்களே ஆடும் குழுவை நடத்துமளவுக்கு வளர்ந்தார்.

இராசகோபாலை நான் நம் காலத்தின் முதன்மையான அரங்க ஆசிரியர்களில் ஒருவராக வைப்பதற்குக் காரணம் அவர் கற்பித்த முறை. நவீன நாடகம் கூத்திலிருந்து அடவை எடுத்துக்கொண்டது, தொண்டையை விட்டுவிட்டது. காலும் கையும் பயிற்சிப் பொருளாயின, பாட்டு பின்னணிக்குப் போயிற்று. கூத்தில் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் சுமந்து, சலங்கை அதிரச் சுழன்று, சுழற்சி முடிந்த அதே மூச்சில் கர்ணன் உச்சக் குரலில் பாட்டெடுக்க வேண்டும். முகவீணை அவன் குரலை விடாமல் துரத்தும். திறந்தவெளியில் கடைசி வரிசைக் கிழவிக்கும் அவன் சொல் கேட்க வேண்டும். இந்த மூச்சு, வார இறுதிப் பயிலரங்குகளில் வராது. பத்து வயதில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்குப் பின்பாட்டுப் பாடி, எல்லா வேஷங்களையும் ஆடிப் பார்த்து, தாளம் போட்டு, ஆண்டுக்கணக்கில் ஊறித்தான் வரும். குருகுலம் இதற்கான காலத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கர்நாடக இசைப் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் கூத்துக் கலைஞர்களோடு ஒரே மேடையில் நின்றபோது, கர்நாடக இசைக்குச் சமமாகக் கூத்தின் குரல் ஒலித்ததற்கும் இந்த ஊறலே காரணம்.

2020இல் குருகுலம் மூடப்பட்டது. அதன் இழப்பைப் பற்றி நம் இதழ்கள் எழுதியது மிகக் குறைவு.

விழா மேடைகளிலும் கூத்துக்கு இடம் குறைவுதான். மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் மார்கழி, தைக் குளிரில் சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்துகிறது. அங்குள்ள பல்லவச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசி அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் வாதிடட்டும். மக்கள் அதை அர்ச்சுனன் தபசு என்றே அழைக்கிறார்கள். அந்தத் தபசு திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இன்றும் நடக்கிறது. வேஷதாரி வானுயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருக்கிறார்கள். உடலும் குரலும் நம்பிக்கையும் உயரமும் ஒன்றாய்ச் சேரும் இதற்கு இணையான உடலரங்கை நான் எந்த நாட்டு விழாவிலும் கண்டதில்லை. செவ்வியல் நாட்டியங்களுக்காக வகுத்த விழா மேடையிலோ, கூத்து வந்தாலும் துண்டாகத்தான் வர முடியும்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. மாமல்லபுர விழாவில் ஓர் இரவை முழுக் கூத்துக்கு, விடியும் வரை ஒதுக்க வேண்டும். கூத்து வாத்தியார்களைப் பல்கலைக்கழக நாடகத் துறைகள் செயல்விளக்கத்துக்கு ஒருநாள் அழைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்புவதை நிறுத்திவிட்டு, முறையான ஊதியத்தோடு ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஒன்றிலாவது பள்ளிக் கல்வியோடு இணைந்த கூத்துப் பயிற்சிக் கூடத்தை அரசு நிறுவ வேண்டும். நடிகர்களுக்கும் ஒரு சொல்: களரிப்பயட்டு கற்பவர்கள் கற்கட்டும், அதற்கு முன்போ பின்போ, பாலாற்றங்கரையின் ஒரு வாத்தியாரிடம் சில ஆண்டுகள் பாடிக்கொண்டே ஆடப் பழகட்டும். தமிழ் அரங்கின் அடுத்த கட்டம் அந்த மூச்சில்தான் இருக்கிறது.