அருமைப்பாட்டின் பொருளியல்: விஞ்ஞான, அதீதப் புனைவுச் சிறுநூல்களும் அவற்றைச் சேகரிப்போரும்

இலக்கிய விமரிசகர் நூலின் உள்ளடக்கம் பற்றியும் உருவம் பற்றியும் விரிவாகப் பேசுவர். அது எத்தனை பிரதிகள் அச்சாயிற்று, யார் கைக்குச் சென்றது, வாசிக்கப்பட்டதா அன்றிப் பூட்டிவைக்கப்பட்டதா என்னும் வினாக்களைப் பதிப்பகத்தாருக்கும் புத்தக வணிகருக்கும் உரியனவென ஒதுக்கிவிடுவர். இவ்வினாக்களும் இலக்கிய விமரிசனத்துக்கு உரியனவே என்பது நமது கருத்து. ஐக்கிய அமெரிக்காவில் வெளியான விஞ்ஞானப் புனைகதை, அதீதப் புனைகதைச் சிறுநூல்களின் வரலாறும், அவற்றைச் சேகரிப்போரின் வரலாறும் இதனைத் தெளிவாக்குகின்றன.

ஆங்கிலத்தில் ‘சாப்புக்’ என வழங்குவது, 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களிலே நடைவணிகர் ஓரிரு பென்னிக்கு விற்றுச்சென்ற மெல்லிய புத்தகமாகும். தமிழில் வழங்கிய பெரிய எழுத்துக் கதைப் பிரசுரங்களை அறிந்தோர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். மலிவும் பெருக்கமும் சாதாரண மக்களிடையே புழக்கமும் அதன் பண்புகள். கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோவதே அதன் இயல்பான முடிவு. எஞ்சிய பிரதிகள் பிற்காலத்தில் அருமையாயினவே தவிர, அருமையாக்கும் நோக்குடன் எவரும் அவற்றை அச்சிடவில்லை. இவ்வாறு ஏழைகளின் நூலாகப் பிறந்த ஒரு வடிவம், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணிடப்பட்டு, ஆசிரியரின் கையொப்பமிடப்பட்டு, உறையிலிடப்பட்ட செல்வப் பொருளாக மாறியமை எங்ஙனம்? அம்மாற்றத்தில் இழக்கப்பட்டது யாது?

இதனை ஆராயுமிடத்து, இரு வகை அருமைப்பாடுகளை வேறுபடுத்திக் காண்டல் அவசியமாகின்றது. ஒன்று வறுமையினால் விளைந்தது. மற்றையது திட்டமிட்டு உருவாக்கப்பட்டது.

முதலாவதற்கு 1920களும் 1930களும் சான்று பகர்கின்றன. 1923இல் தொடங்கிய ‘வியேட் ரேல்ஸ்’ போன்ற மலிவுத்தாள் சஞ்சிகைகளே அக்காலத்து அதீதப் புனைகதையாசிரியருக்கு முதன்மையான சந்தையாக இருந்தன. சொல்லுக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிட்ட அச்சந்தை விரும்பாதவற்றை நூலாக்க முன்வந்தவர்கள் சிறு அச்சகத்தாரும் ஆர்வலருமே. ஹொவார்ட் பிலிப்ஸ் லவ்கிராஃப்ற் எழுதிய ‘த ஷன்ட் ஹவுஸ்’ என்னும் கதையை, மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் அதோல் என்னும் ஊரைச் சேர்ந்த டபிள்யூ. போல் குக் 1928இல் அச்சிட்டார். ஏறக்குறைய 300 பிரதிகளுக்கான தாள்கள் அச்சாயினும், அவருக்கு நேர்ந்த இடர்களினால் அவை கட்டப்படாமலே கிடந்தன. கலிபோர்னியாவின் ஓபேர்ண் நகரில் வாழ்ந்த கிளார்க் அஷ்ரன் ஸ்மித், ஆறு கதைகள் கொண்ட ‘த டபிள் ஷடோ’ என்ற சிறுநூலை 1933இல் உள்ளூர்ப் பத்திரிகையின் அச்சகத்தில் தாமே அச்சிடுவித்து, பிரதி 25 சதத்துக்கு விற்றார். அச்சானவை 1,000 பிரதிகள். அவற்றுட் பலவற்றின் அச்சுப்பிழைகளை அவர் தம் கையாலேயே திருத்தினார். 1936இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லியம் குரோஃபோட், லவ்கிராஃப்ற்றின் ‘த ஷடோ ஓவர் இன்ஸ்மவுத்’ கதையை நூலாக்கினார். ஏறக்குறைய 400 பிரதிகள் அச்சாகி, அவற்றுள் அரைவாசியே கட்டப்பட்டன. பிழைகள் மலிந்த அந்நூலே, லவ்கிராஃப்ற் உயிருடனிருந்த காலத்தில் நூலாகி விற்பனைக்கு வந்த அவரது ஒரேயொரு புனைகதையாகும். மறு ஆண்டு, 1937 மார்ச் 15இல், அவர் வறுமையில் மறைந்தார்.

இம்மூன்று நூல்களும் இன்று சேகரிப்பாளர் பெருவிலை கொடுத்துத் தேடும் பொருள்கள். ஆயின் எந்த ஒன்றும் அருமையாக இருத்தல் வேண்டுமென எண்ணி வெளியிடப்பட்டதன்று. கட்டுவதற்குப் பணமில்லை, வாங்குவதற்கு ஆளில்லை என்பவையே அவற்றின் பிரதித்தொகையைக் குறுக்கின. குக் அச்சிட்ட தாள்களுள் எஞ்சியவற்றை ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம் பின்னர் பெற்று, 1961 அளவில் 100 பிரதிகளைக் கட்டி விற்றது. போலிப் பிரதிகளும் சந்தையில் தோன்றின. போலிப் பிரதியிலும் இருப்பது அதே கதைதான். வாசகனுக்கு இரண்டும் ஒன்று. சந்தைக்கோ ஒன்று செல்வம், மற்றையது குப்பை. மூலதனத்தின் முதற்றொகுதியில் (1867) மார்க்ஸ் பயன்மதிப்பையும் பரிவர்த்தனை மதிப்பையும் பிரித்துக்காட்டியமைக்கு இதனிலும் எளிய உதாரணம் தேடவேண்டியதில்லை. ஆசிரியனின் வறுமையே அவன் இறந்தபின் பிறருடைய செல்வமாகின்றது. கைமாறுந்தோறும் ஏறும் விலையில் எழுதியவனுக்குச் சேர்வது ஏதுமில்லை.

இரண்டாவது வகை அருமைப்பாடு இதனின்றும் வேறுபட்டது. ரே பிராட்பரியின் ‘ஃபரனைற் 451’ நாவல் 1953இல் வெளிவந்தபோது, மலிவுப் பதிப்புடன் தீப்பற்றாத கல்நார் அட்டையிட்ட 200 பிரதிகளும் ஆசிரியர் கையொப்பத்துடன் வெளியாயின. அது சிறுநூலன்று, எனினும் பின்னர் பெருகிய போக்கினை அது முன்னறிவித்தது. நூல்களை எரிக்கும் சமுதாயத்தைக் கண்டிக்கும் நாவலிலே, எரியாதிருக்கும் பேறு 200 பேருடைய பிரதிகளுக்கே வாய்த்தது. 1980இல் வேர்ஜீனியாவில் தொடங்கிய ‘சீப் ஸ்றீற்’ அச்சகம் தன் பெயரில் மலிவைத் தாங்கியிருந்தது. அது வெளியிட்டவையோ உயர்ந்த தாளில், பழைய எழுத்தச்சு முறையில் அச்சாகி, எண்ணும் கையொப்பமும் பெற்ற சிறுநூல்கள். அண்மைக்கால உதாரணமொன்றும் கூறலாம். ரெட் சியாங்கின் ‘த மேர்ச்சன்ற் அன்ட் த அல்கெமிஸ்ற்ஸ் கேற்’ என்ற கதை 2007இல் சப்ரெறேனியன் பதிப்பகத்தின் தனிநூலாக வெளிவந்தது. அதே ஆண்டில் ஒரு மாதச் சஞ்சிகையிலும் இடம்பெற்றது. சஞ்சிகையை வாங்கியவருக்கும் கதை முழுமையாகவே கிடைத்தது. ஆகவே சிறப்புப் பதிப்புக்குச் செலுத்தப்படும் மேலதிக விலை கதைக்குரியதன்று. பிறரிடம் இல்லாதது தம்மிடம் உளது என்னும் நிலைக்குரியது.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தை நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும். பெரும் பதிப்பகங்கள் குறுநாவலையும் தனிச் சிறுகதையையும் இலாபமற்றவையென ஒதுக்குகின்றன. முன்கூட்டியே வாங்குவதாக உறுதிகூறும் சில நூறு சேகரிப்பாளரே அவ்வடிவங்களை வாழவைக்கின்றனர். ஆசிரியனுக்கு ஊதியமும் கிடைக்கின்றது. இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் சிறுநூலின் ஆற்றலைப் பயன்படுத்த வேறு வழியும் இருந்தது. 1976இல் மார்க் மிஷோ றோட் ஐலன்டில் தொடங்கிய நெக்ரொனொமிக்கன் அச்சகம், கம்பித்தையலிட்ட எளிய சிறுநூல்களையே பெரிதும் வெளியிட்டது. லவ்கிராஃப்ற்றின் மறைந்துகிடந்த எழுத்துக்களும் அவர் பற்றிய ஆய்வுகளும் அவற்றின் வாயிலாகப் பரவின. பல்கலைக்கழகங்கள் அவரைப் பொருட்படுத்தத் தொடங்குமுன், ஆய்வுக்கான அடித்தளத்தை இட்டவற்றுள் இச்சிறுநூல்கள் முக்கியமானவை. இங்கு பிரதித்தொகை சிறிதாயினும் நோக்கம் பரப்புதலே.

சேகரிப்பவரை வெறும் பதுக்கல்காரரென ஒதுக்குவது வரட்டுவாதமாகும். வோல்ற்றர் பெஞ்சமின் 1931இல் தம் நூலகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலும், 1937இல் எடுவாட் ஃபூக்ஸ் பற்றி எழுதிய கட்டுரையிலும் சேகரிப்பாளரின் முரண்பட்ட இயல்பை உணர்ந்து ஆராய்ந்துள்ளார். அறிஞருலகம் இழிந்ததெனத் தள்ளிய மலிவுத்தாள் இலக்கியத்தைக் காத்தவர்கள் இச்சேகரிப்பாளரே. லவ்கிராஃப்ற் மறைந்தபோது இளைஞராயிருந்த றொபேட் பார்லோ, அவரது கையெழுத்துப் பிரதிகளைப் பிரவுண் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஹே நூலகத்தில் ஒப்படைத்தார். அவ்வொப்படைப்பின்றிப் பிற்கால மூலபாட ஆய்வு சாத்தியமாகியிராது.

எனவே சேகரிப்பின் சமூகப் பெறுமதி அதன் அளவைக் கொண்டன்று, அதன் முடிவைக் கொண்டே மதிப்பிடத்தக்கது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஃபொறஸ்ற் அக்கர்மன் ஆயுட்காலமெல்லாம் திரட்டிய மாபெரும் சேகரிப்பை வீடுதேடி வந்தோரெல்லாம் இலவசமாகப் பார்க்க அனுமதித்தார். ஆயினும் அது நிலையான பொதுநிறுவனமாகவில்லை. அவர் 2008இல் மறைந்தபின் எஞ்சியவை ஏலத்திற் சிதறின. தனிமனித நல்லெண்ணம் சொத்துடைமையின் விதியை வெல்லவில்லை. இதற்கு மாறானது ஜூடித் மெரிலின் செயல். இளமையில் இடதுசாரி அரசியலில் ஈடுபட்ட அவ்வெழுத்தாளர், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து 1968இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 1970இல் தம் ஏறக்குறைய 5,000 நூல்களையும் சஞ்சிகைகளையும் ரொரன்ரோ பொது நூலகத்துக்கு அளித்தார். பின்னர் அவர் பெயரையே பெற்று வளர்ந்த அத்தொகுதியை எந்தக் குடிமகனும் கட்டணமின்றிப் படிக்கலாம். அங்கே ஒரு சிறுநூலின் அருமை அதனைத் தீண்டாதிருப்பதற்குக் காரணமாகாது. அடுத்த வாசகனுக்காகக் கவனமாய்ப் பேணுவதற்கே காரணமாகும்.

விஞ்ஞானப் புனைகதை எதிர்காலத்தைப் பற்றிய மனிதனின் கூட்டுக் கற்பனை. அக்கற்பனை எண்ணிடப்பட்ட 200 பிரதிகளுக்குள் அடைபடுமாயின், எதிர்காலமும் சிலரது உடைமையென்ற கருத்தே அதன்மூலம் நிலைநாட்டப்படும். சிறுநூல் தோன்றியது நடைவணிகரின் மூட்டையிலே. அது மீண்டும் பலர் கைகளைச் சென்றடைவதற்கு வழிசெய்யும் சேகரிப்பே பண்பாட்டுப் பணியாகும். ஏனையவை, நூல்வடிவம் தாங்கிய மூலதனமேயன்றி வேறில்லை.