ஓட்டமே காப்பு

புராதனப் பொருள்களைப் பேணுவதில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. செப்பேட்டையும் விக்கிரகத்தையும் காற்றும் ஈரமும் அந்நியர் கையும் தீண்டாதபடி கண்ணாடிப் பேழைக்குள் அமர்த்திவிட்டால் அவை நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். ஆனால் நாதஸ்வரத்தையும் பாய்க்கப்பலையும் நீராவி எஞ்சினையும் அவ்வாறு அமர்த்தி வைத்தோமாயின் மிஞ்சுவது அவற்றின் சரீரம் ஒன்றே. அந்தச் சரீரத்துக்குள் பிராணனைப் புகுத்தத் தெரிந்த கையும் கண்ணும் செவியும் ஒரு தலைமுறைக்குள் அற்றுப்போகும். இவ்விரண்டாம் வகைப் பொருளுக்கு உபயோகமே காவல். கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளை ஊதியம் எதுவும் பெறாமல், தம் ஓய்வு நாட்களையெல்லாம் அதற்கே ஒப்புக்கொடுத்து ஓட்டிவரும் தொண்டர்களுடைய காரியத்தை நான் ஒரு கலையாகவே கொண்டு ரசிப்பதற்கு இதுதான் முதற்காரணம்.

இலங்கையின் கொண்டச்சிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இதனை விஸ்தரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஒரு காலத்தில் இந்தக் குடாவுக்கு முன்னே முத்துக்குளிப்புச் சலாபம் கூடியபோது, கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்திறங்கிய சனத்திரளால், வெறும் மணல்வெளி சில வாரங்களுக்குப் பெருநகரமாயிற்று. அதனை மேற்பார்வை செய்வதற்கென்று ஆளுநர் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகை, கடலரிப்புக்கு நாளும் சிறிது இரை கொடுத்தபடி இன்றும் சிதைந்து நிற்கிறது. 1906 இல் முத்துப்பார்கள் லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டன, சிப்பி பொய்த்தது, கம்பனியும் கலைந்தது. மாளிகையின் சுவர் மிஞ்சியது. குளிப்பின் வரவுசெலவு ஏடுகளில் மிஞ்சியது. காலிலே கல்லை மாட்டிக்கொண்டு இறங்கியவனும் தோணியில் அவனுடைய கயிற்றைப் பிடித்திருந்தவனும், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே கயிற்றின் அசைவைக்கொண்டு பேசிக்கொண்ட அந்த நுட்பம் மாத்திரம் மிஞ்சவில்லை. அதனை எவரும் திட்டமிட்டு அழிக்கவில்லை; கற்றுக்கொள்ளவேண்டிய தேவை எவருக்கும் இல்லாமற்போயிற்று, அவ்வளவே.

இதே பிரதேசத்தில் பின்னொரு கலையும் வந்து சில காலம் தங்கிப் போயிற்று. கொண்டச்சிக்கு அண்மையான புகையிரத நிலையம் முருங்கன்; மதவாச்சியிலிருந்து தலைமன்னார்வரை 106 கிலோமீற்றர் நீளும் பாதையில் அது ஒரு தரிப்பிடம். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு மீற்றர்ப் பாதையில் வந்த பிரயாணி, அங்கே கப்பலேறி நீரிணையைக் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் நமது அகலப்பாதை வண்டியைப் பிடித்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறிச் சில காலம் ஓடி, யுத்தச் சூழலில் நின்றது. 1990 இல் பாதையும் அழிந்தது. 2015 மார்ச்சில் தண்டவாளம் மறுபடியும் தலைமன்னாரைத் தொட்டது. இன்று டீசல் வண்டி வருகிறது, போகிறது. பாதை மீண்டதில் எனக்குள்ள மகிழ்ச்சி சிறிதன்று. எனினும், ஒரு காலத்தில் இந்த வழியே நீராவியால் மெயில் வண்டியை நடத்திச் சென்ற கைகளின் அறிவு, புதிய தண்டவாளத்தோடு கூடவே திரும்பி வரவில்லை.

இத்தகைய இழப்பு நேருவதற்கு முன்னரே விழித்துக்கொண்டவர்களின் சரித்திரம் வேல்ஸ் தேசத்திலே தொடங்குகிறது. டவின் என்னும் கடலோர ஊருக்கு மலையிலிருந்து சிலேட்டுக் கல்லை இறக்குவதற்காக 1865 இல் போடப்பட்ட டாலிலின் பாதை, 2 அடி 3 அங்குல அகலமும் ஏறத்தாழ 7 மைல் நீளமும் உள்ள ஒரு சிறு பாதை. அதன் சொந்தக்காரரான சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ், தாம் உயிரோடிருக்கும்வரை வண்டி ஓடும் என்று வாக்களித்திருந்தார். 1946 இல் கற்சுரங்கமே மூடப்பட்ட பிறகும் அந்த வாக்கை நஷ்டத்தோடு காப்பாற்றி 1950 ஜூலையில் காலமானார். அவ்வருஷம் ஒக்டோபரில் பர்மிங்காம் நகரத்து ஹோட்டல் ஒன்றிலே கூடிய அன்பர்கள், எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரின் ஊக்கத்தால் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951 மே மாதம் 14 ஆந் தேதி அவர்களுடைய முதல் வண்டி புறப்பட்டது. தொண்டர்கள் தாமே எடுத்து நடத்திய புகையிரதங்களுள் உலகத்திலேயே இதுதான் முதலாவது. கட்டைகள் உளுத்துப்போய், 1865 ஆம் ஆண்டின் தண்டவாளங்களைப் புல்வேரே இறுகப் பிடித்திருந்த பாதை அது. ஆதியில் வாங்கிய இரண்டு எஞ்சின்களுள் டோல்கோக் என்ற ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது.

அந்த முதல் வருஷத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம், இத்துறையின் சூட்சுமம் முழுவதையும் எனக்குத் திறந்து காட்டியது. அயலிலே மூடப்பட்டுக் கிடந்த கோரிஸ் பாதையும் இதே 2 அடி 3 அங்குலம் ஆதலால், அதன் இரண்டு எஞ்சின்களையும் சங்கத்தார் மலிவு விலைக்கு வாங்கினர். அளவு பொருந்துகிறது, சக்கரமும் செம்மையாயிருக்கிறது. ஆனால் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது அது திரும்பத் திரும்பத் தடம்புரண்டது. அளந்து பார்த்தார்கள். ஏடுகளில் எழுதியிருந்த அளவைவிடத் தண்டவாளங்கள் ஏறக்குறைய அரை அங்குலம் அகன்று கிடந்தன. நீண்ட அச்சிடைத் தூரமுள்ள தங்கள் பழைய எஞ்சின் வளைவுகளில் நெருக்குண்ணாமல் திரும்பவேண்டும் என்பதற்காகப் பாதைக்காரர் வேண்டுமென்றே அப்படி இட்டிருந்தார்கள். உத்தியோகபூர்வமான அளவு ஒன்று. தொழிலாளி கையறிந்த அளவு வேறொன்று. தொண்டர் என்போர் இந்த இரண்டாவது அளவைத் தேடி எடுத்துக் காப்பவர்.

இனி அந்தக் கையறிவின் சௌந்தரியத்தைச் சிறிது நின்று பார்க்கலாம். காலையில் வண்டி புறப்படவேண்டுமானால் விடியுமுன்னரே நெருப்பு மூட்டப்படவேண்டும். அவசரக்காரன் முதற்படியிலேயே தோற்றுவிடுகிறான். அடுப்பறையின் செம்பும் கொதிகலனின் உருக்கும் சூட்டில் வெவ்வேறு அளவாய் விரிபவை. சடுதியிலே சூடேற்றினால் பொருத்துகள் இழுபட்டுக் கசியும். ஆகவே மெல்லிய விறகு, பின்பு சிறு கரி, பின்பு பெருங்கரி என்று பக்குவம் அறிந்து ஊட்டவேண்டும். ஓடும்போதும் அதே விதிதான்: சிறிது சிறிதாக, அடிக்கடி, வெளிச்சம் எந்த மூலையில் வெள்ளையாய் எரிந்து கரி மெலிந்துவிட்டதென்று பார்த்து, அந்த மூலையிலேயே சவளைத் திருப்பிக் கொட்டவேண்டும். புகைக்கூண்டின் உச்சியே நெருப்பூட்டும் பயர்மனுக்குப் பரீட்சைப் பத்திரம்: கரும்புகை எழுந்தால் கரி மிகுந்தது, காற்று குறைந்தது, எதுவுமே தோன்றாவிட்டால் நெருப்பு மெலிந்திருக்கக்கூடும், சாம்பல் நிறத்திலே மெல்லிய இழை ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் கைகாரன் வேலை செய்கிறான் என்று அர்த்தம்.

இந்த யந்திரத்தில் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம் அதன் சுவாசம். உருளைகளில் வேலை முடித்த நீராவி, புகைக்கூண்டுக்கு அடியிலே ஒரு குறுகிய வாய்வழி மேல்நோக்கிப் பீறிடும்போது, சூழ்ந்திருக்கும் புகையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பினாலே அடுப்பறைக்குள் காற்று பாய்ந்து நெருப்பை வளர்க்கிறது. பாரம் மிகுந்து, ஏற்றம் கடினமாகி, எஞ்சின் எவ்வளவுக்கு முயல்கிறதோ அவ்வளவுக்கு அதன் நெருப்பும் தானே கொழுந்துவிடுகிறது. சாரதி நீராவியை அடைத்த கணத்தில் இழுப்பும் நின்றுவிடும். அப்போது சுவாலை பின்வாங்கி ஓட்டுநர் அறைக்குள்ளேயே சீறக்கூடுமாதலால், அவன் அடைப்பதற்கு ஒரு நொடி முன்னதாகவே பயர்மன் ஊதுகுழாயைத் திறந்துவிடுகிறான். இருவரும் அதுபற்றி வாய்திறந்து பேசுவதில்லை. இருவருக்கும் பாதை தெரியும், அதனால் தருணமும் தெரியும்.

நீரின் விஷயம் இதனினும் நுட்பமானது. அடுப்பறையின் கூரைக்கு மேலே எப்போதும் நீர் நின்றாகவேண்டும். நின்றால்தான் உலோகம் உருகாமல் தப்பும். ஏற்றத்தில் பின்னே சாய்ந்திருந்த நீர், சிகரத்தைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் முன்னே ஓடிவிடும். கண்ணாடிக் குழாயில் தாராளமாய்த் தெரிந்த மட்டம் நொடியிலே தாழ்ந்துபோகும். ஆகவே சிகரம் வருவதற்கு எவ்வளவோ முன்னதாகவே, நெருப்பைக் குளிர்த்திவிடாமல் நீரைச் செலுத்தி வைத்துக்கொள்கிறவனே தேர்ந்தவன். அவன் தவறினால் எச்சரிப்பதற்குக் கூரையிலே ஈய முளை ஒன்று பதித்திருக்கிறார்கள். அது உருகி நீராவியை நெருப்பின்மேல் பாய்ச்சும். அந்த முளை உருகவே இடமளியாமல் ஓய்வு பெற்றவர்களை இத்தொழிலில் பெரியவர்களாகக் கொண்டாடுவார்கள். இரண்டு உருளை எஞ்சினின் சக்கரம் ஒருமுறை சுழலும்போது நான்கு மூச்சு கேட்கும். நான்கும் சமமாக விழுகின்றனவா என்று கேட்டறியும் செவி, சங்கீதக்காரனுடைய செவிக்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

இந்த வித்தை எல்லாவற்றுக்கும் நுழைவாயில் ஒரு துடைப்புத் துணி. டாக்டராயினும் ஆசிரியராயினும் வங்கி உத்தியோகத்தராயினும், தொண்டராக வந்து சேர்கிறவர் முதலில் எஞ்சினைத் துடைக்கிறார். எண்ணெயும் சாம்பலும் படிந்த ஒவ்வோர் உறுப்பையும் கையாலே தடவித் தடவித்தான் அதன் பெயரும் வேலையும் நோயும் தெரியவருகின்றன; பல வருஷம் சென்றபின் பயர்மன், அதற்கும் பல வருஷம் சென்றபின் சாரதி. சம்பளமில்லாத வேலை என்பதனால் ஒழுங்கு தளர்வதும் இல்லை. ஒற்றைப் பாதையில் உரிய அடையாளக் கோல் கைக்கு வராமல் ஒரு சக்கரமும் நகராது. நமது மலைநாட்டுப் பாதையில் ஓடும் வண்டியிலிருந்து வளையத்தோடு டெப்லட் என்ற அடையாளத் தட்டு கைமாறுவதைக் கண்டவர்கள் அந்த நியமத்தின் கண்டிப்பை அறிவார்கள். பிரித்தானியாவில் 10 வருஷத்துக்கு ஒருமுறை கொதிகலன் முழுவதையும் கழற்றிச் சோதிக்கிறார்கள். அதற்கான பணத்தை அன்பர்களே திரட்டுகிறார்கள்.

இவ்வளவு கழற்றி, இவ்வளவு மாற்றியபின், அது பழைய எஞ்சின்தானா என்று ஒருவர் கேட்கலாம். கோயில் தேரைக் கேட்பதுபோலத்தான் இது: அச்சு மாறுகிறது, சக்கரம் மாறுகிறது, உளுத்த பலகை மாறுகிறது, வடம் பிடிக்கிறவர்களும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறார்கள், ஆயினும் அது அதே தேர்தான், ஏனெனில் செய்யும் முறையும் இழுக்கும் முறையும் அறுபடவில்லை. பழைய எஞ்சினிலும் பழமை குடியிருக்கும் இடம் இரும்பு அன்று, அந்த இரும்பைச் செய்யவும் ஓட்டவும் தெரிந்த பரம்பரை.

இதற்குப் பாக்கு நீரிணைக்கு அக்கரையிலேயே அருமையான திருஷ்டாந்தம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு 46 கிலோமீற்றர் ஏறும் நீலகிரி மலைப் பாதையில், ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள் பல்லுக்குப் பல் விலகி அமைந்திருக்கின்றன. ஒன்றின் பள்ளத்துக்கு நேரே மற்றதன் முனை நிற்பதனால் எஞ்சினின் பற்சக்கரம் ஒரு கணமும் பிடியை விடுவதில்லை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்ட எக்ஸ் வகை எஞ்சின், வண்டிக்குப் பின்னே நின்று அதனை மேலே தள்ளிக்கொண்டு போகிறது. கீழ் உருளைகளில் வேலை செய்த நீராவியே மேல் உருளைகளுக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 2005 இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இங்கே ஓட்டுகிறவர்கள் அரசாங்க ஊழியர்கள். ஆயினும் நீராவியே தொடரவேண்டும் என்று விடாது குரலெழுப்பிய ஹெரிடேஜ் ஸ்டீம் சாரியட் டிரஸ்டோ அன்பர்களின் சங்கம். எல்லாவற்றிலும் நான் வியப்பது பொன்மலைப் பணிமனையை: பழைய எஞ்சின்கள் தளர்ந்தபோது, அது இந்த நூற்றாண்டிலேயே அதே வகையில் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டி மலைக்கு அனுப்பிற்று. கைப்பழக்கம் அறுபடாத இடத்தில் பழமை புதிதாகவே பிறக்கமுடியும் என்பதற்கு இதனிலும் சாட்சி வேண்டுவதில்லை.

நம் தேசத்திலும் 1980களில் பழைய நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்து, வைஸ்ரோய் ஸ்பெஷல் என்ற பெயரில் உல்லாசப் பிரயாணிகளுக்காக ஓட்டினார்கள். 2014 இல் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலையும் திறக்கப்பட்டது. இரண்டும் போற்றத்தக்கவை. ஆயினும் ரசிகன் ஒருவனுக்கு வர்ணப்பூச்சிலும் பித்தளையின் மினுக்கத்திலும் மயங்கிவிட உரிமையில்லை. மினுக்கம் வாரமொருமுறை துடைக்கும் கூலியாளால் ஆகிவிடும். ஆகையால் எந்தப் பழைய எஞ்சினைக் கண்டாலும் அதன் வயதை நான் விசாரிப்பதில்லை. இதனை மூட்டி ஓட்டத் தெரிந்தவர்களுள் மிக இளையவருக்கு வயது என்ன என்றுதான் விசாரிக்கிறேன். அறுபது என்று விடை வந்தால், சலாபத்தின் கயிற்றுப் பேச்சுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரப்போகிறது. இருபது என்று வந்தால், எஞ்சின் துருப்பிடித்திருந்தாலும் கவலையில்லை, துருவைச் சுரண்டிக்கொள்ளலாம்.